என் தண்ணீர் பில்லைப் பற்றித் தம்பி சொன்னது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வார்டில் எனக்கு எதிராக நிற்கும் வேட்பாளர் கோயில் வாசலில் பேசியதைச் சென்ற வார இதழில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதில் என்னைப் பற்றியும் எங்கள் வார்டைப் பற்றியும் நாலு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று பாதி உண்மை. அதை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றும் எங்கள் தெருக்காரர்களின் மனதைக் கெடுக்கிற பேச்சு. அதனால்தான் மெஷினை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீளமாக இருந்தாலும் குறைக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்னைத் தெரியாத வாசகர்களுக்காக: நான் தையற்காரி. பதினாறு வயதில் டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் மெஷினுக்கு உட்கார்ந்தேன். வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததில் அந்தத் தொழிற்சாலை மூடிய பிறகு வீட்டு முன் அறையிலேயே தைக்கிறேன். பள்ளிச் சீருடை, பஞ்சாபி சூட், காவடி சமயத்தில் மஞ்சள் துணி. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கம் வந்து தையல் அக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். எந்தக் கட்சியும் கிடையாது, சுயேச்சையாக நிற்கிறேன். எதிர்த்து நிற்பவரின் பெயரை எழுதப் போவதில்லை. வயதில் எனக்கு இளையவர். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கட்டிய பட்டுக்கு ரவிக்கை தைத்தது நான்தான். தம்பி என்று கூப்பிட்டே பழக்கம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பில். “நகராட்சிக்கு நாற்பத்தோராயிரம் ராண்ட் தண்ணீர்ப் பாக்கி வைத்திருக்கிறவருக்கு நகராட்சிப் பணத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?” என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். கவுன்சிலர் ஆனவர் மூன்று மாதத்துக்கு மேல் வரியோ கட்டணமோ பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டத்தின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. ஆனால் அவர் பழைய காகிதம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார். சரியான தொகை 41,280 ராண்ட். முதலில் 5,280 கட்டினேன். மீதி 36,000-ஐ மாதம் 1,500 வீதம் 24 மாதத்தில் கட்டி, இந்த வருஷம் பிப்ரவரியில் முடித்துவிட்டேன். இருபத்தைந்து ரசீதும் ஒரு கோப்பில் இருக்கின்றன. இன்றைய தேதியில் ஒரு சென்ட் பாக்கி இல்லை.

அந்தக் கடன் எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கணவர் படுத்த படுக்கையானார். அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு வந்த கவர் எதையும் நான் பிரிக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிச் சொருகி வைத்தேன். அவர் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அதில் ஒருவர் எழுந்து நடக்காதவர். பில்லைப் பார்த்தால் இருபது பேர் குடித்தனம் செய்கிற வீட்டுக்கு வருகிற மாதிரி இருந்தது.

குழாய் ஒன்றுகூடச் சொட்டவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பிளம்பர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் வழி சொன்னார். “ராத்திரி படுக்கும் முன்னால் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடும்மா. மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதி வை. காலையில் முகம் கழுவும் முன்னால் மறுபடி பார்.” ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தி, மீட்டர் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் மண் அப்பியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எண்கள் அப்படியே நின்றன. ஓரத்தில் இருந்த சின்னச் சிவப்பு முள் மட்டும் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் நான் ஒருத்திதான், நானும் வெளியே குந்தியிருக்கிறேன், முள் சுற்றுகிறது. காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது 840 லிட்டர் ஏறியிருந்தது.

அப்புறம் புரிந்தது. பின்கட்டில் எங்கள் கறிவேப்பிலை மரம் அந்த வருஷம் ஜூலைக் குளிரிலும் கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தது. தெருவே வந்து பறித்துப் போனது. நான்கூட அம்மனின் கருணை என்று நினைத்தேன். மரத்தடியைத் தோண்டியபோது முழங்கால் ஆழத்தில் குழாய் இணைப்பு வேர் அழுத்தித் திறந்திருந்தது. சுற்றிலும் மண் கூழாகக் கிடந்தது. மீட்டருக்கு வெளியே இருக்கும் குழாய் நகராட்சியுடையது, உள்ளே இருப்பது வீட்டுக்காரருடையது. என் குழாய், என் மரம், பிரிக்காமல் வைத்த கவர்களும் என்னுடையவை. அதனால் வாய்தா கேட்டுக் கையெழுத்துப் போட்டு, தைத்துத் தைத்துக் கட்டினேன்.

இப்போது அவருடைய இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது இதில்தான். “நம் குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் சரிவில் இருக்கும் குடிசைகள். அவர்கள் இலவசமாகக் குடிக்கிறார்கள், நீங்கள் பில் கட்டுகிறீர்கள். தையல் அக்கா அவர்கள் பக்கம்” என்று சொல்லியிருக்கிறார்.

ஏழு மணி நேரத்துக்கு 840 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 2,880, மாதத்துக்கு 86,400 லிட்டர். குழாய் இல்லாத பகுதிகளில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 லிட்டர், அதுவும் 200 மீட்டர் தூரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் வகுத்திருக்கும் அளவு. அப்படியானால் என் ஒரு வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில், யாருக்கும் தெரியாமல், 115 பேருக்கான தண்ணீர் மாதா மாதம் மண்ணுக்குள் போயிருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். நான் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து வாளியோடு வரிசையில் நிற்கிற யாரையும் தண்ணீர்த் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வீட்டின் கதை அது. ஊரின் கதையைப் பாருங்கள். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சி வாங்கிச் சுத்தம் செய்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கும் மேல் காசாகத் திரும்பி வருவதில்லை. இது நகர மன்றத்திலேயே பேசப்படும் விஷயம், ரகசியம் ஒன்றும் இல்லை. 2023-ல் நாட்டின் நீர்வளத் துறை வெளியிட்ட கணக்கில் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் இந்த இழப்பு சுமார் 47 சதவீதம். குழாய் வெடிப்பு, கசிவு, ஓடாத மீட்டர், மீட்டரே இல்லாத இணைப்பு, திருட்டு இணைப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எங்கள் சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் குழாயில் அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் பள்ளத்தில் இருக்கும் பலவீனமான இணைப்பு தெறிக்கும். தண்ணீரை நிறுத்தி மறுபடி திறக்கும்போதும் அப்படித்தான், காற்று அடைத்துக்கொண்டு இரும ஆரம்பிக்கும், எங்கேயாவது ஓரிடத்தில் விட்டுவிடும். இது குழாய் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2024 அக்டோபரில் உம்கேனி–உதுகேலா நீர் வாரியம் எத்தெக்வினிக்குக் கொடுக்கும் தண்ணீரை 8.4 சதவீதம் வரை படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியதே, நினைவிருக்கிறதா? உம்கேனி ஆற்று அணைகளிலிருந்து உரிமம் அனுமதித்த அளவைவிட அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். வீட்டுக்கு வீடு தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டாங்க் வாங்க ஓடியது அந்தச் சமயத்தில்தான். அதற்கும் முன்னால், 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையமே உடைந்துபோய் அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் வண்டியை நம்பி இருந்தது. அங்கே இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு நாங்கள் ஐந்து லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவோம். அந்தத் தண்ணீரை எந்தக் குடிசைக்காரர் குடித்தார்?

தம்பி ஒன்றைக் கேட்கலாம்: அப்படியானால் குடிசைப் பகுதியில் திருட்டு இணைப்பே இல்லையா? இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் குழாயைப் பெரிய குழாயில் செருகி ரப்பர் ட்யூபால் கட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது தவறு, ஆபத்தும்கூட, தண்ணீரில் சாக்கடை கலக்கும். நான் அதை மறைக்கவில்லை, அங்கே போய் அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் மீட்டரைத் திருப்பி வைத்த பெரிய வீடுகளும் கடைகளும் நம் பக்கத்திலேயே உண்டு என்பது கூழ் குடிக்க வந்த எல்லாருக்கும் தெரியும். அவர்களைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் வரவில்லை.

இலவசம் என்கிறாரே, அதையும் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது 2001-லிருந்து தேசியக் கொள்கை. அதைத் தேசம் முழுவதற்கும் முன்னால் கொடுக்க ஆரம்பித்த ஊர் டர்பன்தான், 1998-ல். நம் ஏழைக் குடும்பங்களும் அதில்தான் தப்பித்தார்கள். அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவு போதுமான தண்ணீர் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது. அதில் எந்தத் தெரு, எந்த நிறம் என்று எழுதவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நான் அந்தச் சரிவுக்குப் போனேன். ஓட்டுக் கேட்கப் போகவில்லை, பார்க்கப் போனேன். கப்பல் கண்டெய்னரை வெட்டி வைத்த கழிப்பறையும் அதன் பக்கத்தில் குழாயும் இருந்தன. அன்று வரிசையில் நாற்பத்தாறு பேர் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியோடு நின்றாள், முதுகில் குழந்தை, போர்வையால் இறுக்கிக் கட்டியிருந்தது. வாளி நிறைந்ததும் மேலே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அதன் மேல் மூடியை அழுத்தினாள். ஏற்றத்தில் தண்ணீர் தளும்பிச் சிந்தக் கூடாதாம். அந்த வாளிதான் அன்று ஆறு மணிக்குள் சமையலுக்கும், குழந்தைக்கும், டாக்ஸி பிடித்து வேலைக்குப் போகிற அவளுக்கும். அமான்ஸி, அமான்ஸி என்று குழந்தை அழுதது. ஜூலு மொழியில் தண்ணீர். அந்த வாளியைப் பார்த்தபோது எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

நான் பிறந்தது 1961-ல், மேகசின் பாரக்ஸில். இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டர்பன் நகராட்சியின் குப்பையை அள்ளியவர்களும் தெருவைக் கூட்டியவர்களும் சாக்கடையைச் சுத்தம் செய்தவர்களும் குடியிருந்த இடம் அது. முக்கால்வாசி தமிழர்களும் தெலுங்கர்களும். ஓர் அறையில் ஒரு குடும்பம், பல குடும்பத்துக்குப் பொதுவாகக் குழாய், பொதுவாகக் கக்கூஸ். என் அப்பா குப்பை வண்டியில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்றால்தான் அவருக்குக் காப்பித் தண்ணீர் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரைச் சுத்தமாக வைத்தவர்களையே ‘கூலிகள் அசுத்தமானவர்கள், நோய் பரப்புகிறவர்கள்’ என்று வெள்ளைக்காரர்களின் மேடைகளில் பேசினார்கள். 1904-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது நம் ஆட்கள் குடியிருந்த இடத்தைக் காலி செய்து தீ வைத்தே கொளுத்தினார்கள். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை மூட்டை முடிச்சோடு சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. லாரியின் பின்னால் அம்மியின் மேல் உட்கார்ந்து வந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது, நாலு வயது.

“ஜெயித்த ஒரு வருஷத்தில் சரிவைக் காலி செய்வேன்” என்று தம்பி சொன்னபோது கைதட்டல் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேரின் ஆயாவும் தாத்தாவும் லாரியில் வந்து இறக்கப்பட்டவர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டை விட்டு அகற்றக் கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. கவுன்சிலர் ஒருவர் அப்படி வாக்குக் கொடுக்கவே முடியாது. அது தம்பிக்குத் தெரியும். படித்தவர்.

அவர் படிக்கிற காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1999, 2000 வாக்கில் எங்கள் பக்கத்து நகராட்சிக் குடியிருப்புகளில் வாடகையும் தண்ணீர்க் கட்டணமும் கட்ட முடியாதவர்களை வெளியேற்ற ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலைகள் மூடிப் பெண்களெல்லாம் வேலை இழந்து வீட்டில் இருந்த நேரம். நானும் அதில் ஒருத்தி. படிக்கட்டில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம், யாரையும் மேலே ஏற விடவில்லை. என் ஒரு பக்கம் எங்கள் மாடி வீட்டுப் பெரியம்மா, மறு பக்கம் கீழ் வீட்டு ஜூலு அம்மா. நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராசிரியர் பாத்திமா மீர் வந்து எங்களோடு நின்றார். தண்ணீர் துண்டிக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கத் தாய் பிள்ளைகளை வைத்துக்கொண்டு டர்பன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். கடைசியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. ஆனால் அவர் கேட்டது எங்கள் எல்லாருக்குமான தண்ணீரை. நான் யார் பக்கம் என்று தம்பி கேட்டால், அன்று படிக்கட்டில் உட்கார்ந்த இடத்தில்தான் இன்னும் இருக்கிறேன்.

2021 ஜூலைக் கலவரத்தையும் அந்த மேடையில் இழுத்திருக்கிறார். “மறந்துவிடாதீர்கள்” என்றாராம். நான் மறக்கவில்லை. இரண்டு மாகாணங்களில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைகள் எரிந்து, ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் நின்றோம். எங்கள் தெரு முனையிலும் இரவெல்லாம் கட்டை போட்டு ஆண்கள் காவல் இருந்தார்கள். பயம் இரண்டு பக்கமும் இருந்தது, சாவும் இரண்டு பக்கமும் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் வழக்குக்கு அலைகிறார்கள். அதைப் போய்க் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று ஓட்டுக்காகத் தொட வேண்டுமா? இதை மட்டும் நான் அவருடைய அக்காவாகவே கேட்கிறேன்.

மூன்றாவது, வாக்குறுதிகள். ஆர்.கே. கான் மருத்துவமனையில் வரிசையைக் குறைப்பாராம், போலீஸ் ஆட்களைக் கூட்டுவாராம், பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் போடுவாராம். மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் மாகாண அரசின் கையில். போலீஸ் தேசிய அரசின் கையில், மெட்ரோ போலீஸ் மட்டும்தான் நகராட்சியுடையது. வார்டு கவுன்சிலர் இவற்றுக்காகக் கடிதம் எழுதலாம், போய் நச்சரிக்கலாம், நானும் அதைச் செய்வேன். ‘போடுவேன்’ என்று சொல்ல முடியாது.

நாலாவது, “தமிழன் ஓட்டு தமிழனுக்கே, தமிழைவிட ஜூலு அதிகம் பேசுகிறவருக்கு இல்லை.” நான் ஜூலு பேசுவேன். இருபது வருஷம் என் மெஷினுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களிடம் கற்றுக்கொண்டது. நூல் அறுந்தால், ஊசி விரலில் ஏறினால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த மொழியில்தான் பேசிக்கொண்டோம். தமிழும் பேசுவேன், எழுதுவேன், இந்தக் கடிதத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சனிக்கிழமை காலையில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒரு சிறுமி சரிவிலிருந்து வருகிறாள். அவள் அம்மா கோயில் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார், அம்மாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஜன்னலோரம் நின்று கேட்டுக் கேட்டுப் பழகியவள். ‘ழ’ அவளுக்கு வருகிற மாதிரி எங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை.

தமிழர் ஓட்டு என்று ஒன்றைப் பற்றிப் பேசுவதானால் அதன் கதையை முழுசாகப் பேச வேண்டும். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நம் முன்னோர் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1896-ல் நேட்டால் சட்டமன்றத் தேர்தலில் நம் ஓட்டை அடைத்தார்கள். 1924-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து நகராட்சி ஓட்டையும் பிடுங்கினார்கள். அப்புறம் டர்பன் நகர மன்றத்துக்கு நாங்கள் ஓட்டுப் போட்டது 1996 ஜூன் 26-ல். எழுபத்திரண்டு வருஷம்! என் தாத்தா ஓட்டே போடாமல் செத்தார். அப்பா ஆயுசெல்லாம் அந்த நகராட்சியின் குப்பையை அள்ளிவிட்டு, அதன் மன்றத்துக்கு முதல் ஓட்டை அந்த ஜூன் மாதம்தான் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்களில் நிறையப் பேர் ஜூலுக்காரர்கள், அவர்களுக்கும் அதுதான் முதல் நகராட்சி ஓட்டு. யாரோ ஒரு பாட்டி அப்பாவுக்குத் தன் மடக்கு நாற்காலியைக் கொடுத்தார். அந்த வரிசையிலிருந்து கிடைத்த ஓட்டைத்தான் ‘தமிழனுக்கே’ என்று தம்பி தனியாகப் பிரித்துக் கேட்கிறார்.

நான் என்ன செய்வேன் என்று வாசகர்கள் கேட்கலாம். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கறிவேப்பிலை மர விஷயத்துக்குப் பிறகு பழக்கமானது. தெருவில் கசிவைக் கண்டால் தேதி, இடம், புகார் செய்ததும் கொடுக்கிற எண், சரியான நாள், நாலையும் எழுதி வைக்கிறேன். இந்த ஜனவரியிலிருந்து 63 கசிவு எழுதியிருக்கிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் புல் மட்டும் பச்சையாக இருந்த இடம் ஒன்று, அதை என் வகுப்புப் பையன்தான் கண்டுபிடித்தான். வார்டு கமிட்டியில் கவுன்சிலரோடு பத்துப் பேர் வரை இருக்கலாம். நான் வந்தால் சரிவிலிருந்து இரண்டு பேராவது அதில் உட்கார முயற்சி எடுப்பேன், தெருவுக்குத் தெரு இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.

மார்ச் மாதக் கடைசிக்குள் நகராட்சியின் வரவுசெலவு வரைவு வெளியே வந்துவிடும், ஜூலை 1-க்கு முன்னால் நிறைவேற வேண்டும். இடைப்பட்ட வாரங்களில்தான் மக்கள் கருத்துச் சொல்லலாம். நம் ஆட்கள் ஜூலையில் பில் ஏறின பிறகுதான் சத்தம் போடுகிறோம். கோயில் கூடத்தில், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், சரிவில், மூன்று இடத்திலும் ஏப்ரல் மாதம் அந்த வரைவைத் தமிழிலும் ஜூலுவிலும் இங்கிலீஷிலும் விளக்கிச் சொல்வேன். எங்கள் பகுதிக் குழாய் மாற்ற எவ்வளவு வைத்திருக்கிறார்கள், போன வருஷம் வைத்ததில் எவ்வளவு செலவானது என்று கேட்பேன். வாரா வாரம் கேட்பேன். கவுன்சிலராக என்னால் நிச்சயமாகச் செய்ய முடிகிறது இவ்வளவுதான், இதற்குத்தான் ஓட்டுக் கேட்கிறேன்.

எதிர் வேட்பாளரைப் பற்றிப் பொய்யான தகவலைப் பரப்பக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி இருக்கிறது. ஆணையத்துக்கு எழுதச் சொல்லிச் சிலர் வற்புறுத்துகிறார்கள். தம்பி வேண்டுமென்றே சொன்னதாக நான் நினைக்கவில்லை, பழைய காகிதத்தை யாரோ கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் அடுத்த கூட்டத்தில் ‘பாக்கி அடைத்தாகிவிட்டது’ என்று ஒரு வரி சொன்னால் பில் விஷயத்தை நான் அதோடு விட்டுவிடுகிறேன். சரிவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறும்வரை விடமாட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு பத்து மணிக்கு முடியும். அதற்குப் பிறகு மத்தியானம் வரை ரசீதுக் கோப்பும் கசிவு நோட்டும் கோயில் கூடத்து மேசையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், தம்பி வந்தால் முதல் நாற்காலி அவருக்கு. மீட்டரை எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் தங்கள் பில்லைக் கையோடு கொண்டு வாருங்கள், வீட்டுக்கே வந்து காட்டுகிறேன். டார்ச் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் அக்கா,
சுயேச்சை வேட்பாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.